யானைக்கு எந்தத் துப்பாக்கி?

மதுரை நகரின் மேற்கு வாயிலாக விளங்குவது காளவாசல். அங்கிருந்து தேனி சாலையில் பேருந்து ஏறினால் நாகமலைப் புதுக்கோட்டை, செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று ஊர்களைக் கடந்து கம்பம் பள்ளத்தாக்கை அடையலாம். இருபுறமும் மலைகள். அந்த மலைகளில் யானை உண்டு, காட்டெருமை உண்டு, புலியும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் 2021-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

2023-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள், கம்பம் நகரத் தெருக்களுக்குள் ஒரு காட்டு யானை புகுந்தது. கேரளத்தில் அரிசிக்காகக் கடைகளையும் வீடுகளையும் உடைத்துப் பழகியதால் ‘அரிக்கொம்பன்’ என்று பெயர் பெற்ற யானை அது. ஏப்ரல் 29-ஆம் நாள் சின்னக்கானலில் அதைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டிருந்தார்கள். அது மலையிறங்கி வந்துவிட்டது. அன்று கம்பத்தில் காயமுற்ற ஒருவர் சில நாட்களில் உயிரிழந்தார். ஜூன் 5-ஆம் நாள் சின்ன ஓவுலாபுரம் அருகே தமிழக வனத்துறையினர் அதனைத் துப்பாக்கியால் சுட்டனர். ஆனால் யானை சாகவில்லை! மயங்கிய யானையைக் கும்கி யானைகளின் உதவியால் லாரியில் ஏற்றிக் களக்காடு-முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டு சென்றார்கள்.

சுட்டும் சாகாத இந்த விந்தை எப்படி நிகழ்ந்தது? பெரிய விலங்கைச் சுட எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா, எந்தத் தொலைநோக்கி என்று வேட்டைக்காரர்கள் ஒரு காலத்தில் இராப்பகலாக விவாதித்தார்கள். அதே கேள்வியை இன்று கால்நடை மருத்துவர்கள் கேட்கிறார்கள். விடைதான் தலைகீழாக மாறிவிட்டது. இரண்டு விடைகளுக்கும் அடிப்படை, நீங்கள் வகுப்பில் படிக்கும் நியூட்டனின் விதிகளே.

காலிபர் என்றால் என்ன?

துப்பாக்கிக் குழலின் உள்விட்டமே காலிபர். ஆங்கிலேயர் அதை அங்குலத்தின் பின்னமாகச் சொன்னார்கள். 0.275 என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 275 பங்கு. ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். ஐரோப்பியர் நேரடியாக மில்லிமீட்டரில் சொல்வார்கள்.

நம் ஊர்ப் பக்கம் ‘பன்னிரண்டு போர்’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இது வேறு கணக்கு. ஒரு பவுண்டு (454 கிராம்) ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், அந்த உருண்டை ஒன்று சரியாக நுழையும் குழலே பன்னிரண்டு போர். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம். உருண்டையின் எடையை அடர்த்தியால் வகுத்துப் பருமனைக் கண்டு, அதிலிருந்து விட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 18.5 மி.மீ. என்று வரும். இம்முறையில் எண் சிறிதானால் குழல் பெரிது.

ரைபிள் என்னும் துப்பாக்கியின் குழலுக்குள் திருகாணியின் மரை போன்ற புரிகள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவற்றில் உரசிச் சுழன்றுகொண்டே வெளிவரும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது போல, சுழலும் குண்டும் தலைகுப்புறப் புரளாமல் மூக்கை முன்னே நீட்டியபடி பறக்கும்.

வேட்டைக்காரர்களின் கணக்கு

குண்டின் வலிமையை இரண்டு அளவுகளால் மதிப்பிடலாம். ஒன்று இயக்க ஆற்றல்: நிறையையும் திசைவேகத்தின் இருமடியையும் பெருக்கி அதில் பாதி. மற்றொன்று உந்தம்: நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவது. சில பெயர்பெற்ற தோட்டாக்களின் அளவுகளைப் பாருங்கள். எல்லாம் ஏறத்தாழச் சொன்னவை.

0.22 (இலக்குப் பயிற்சிக்கானது): 2.6 கிராம், வினாடிக்கு 330 மீட்டர், ஆற்றல் 140 ஜூல், உந்தம் 0.9
0.275 ரிக்பி: 9 கிராம், 820 மீட்டர், 3,000 ஜூல், உந்தம் 7.4
0.405 வின்செஸ்டர்: 19.4 கிராம், 670 மீட்டர், 4,350 ஜூல், உந்தம் 13
0.470 நைட்ரோ எக்ஸ்பிரஸ்: 32.4 கிராம், 655 மீட்டர், 6,950 ஜூல், உந்தம் 21

(உந்தத்தின் அலகு கிலோகிராம் மீட்டர்/வினாடி.)

இவற்றில் இரண்டு நம் நாட்டு வரலாற்றில் இடம் பெற்றவை. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-ஆம் ஆண்டில் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது 0.275 ரிக்பி. சேலம், ஓசூர்க் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த பெங்களூர் கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது 0.405 வின்செஸ்டர்.

திரைப்படங்களில் குண்டு பட்டவுடன் விலங்கு பல அடி தூரம் தூக்கியெறியப்படுவதைக் காண்கிறோம். இது நடக்கக் கூடியதா? பட்டியலில் உள்ளவற்றில் மிகப் பெரிய தோட்டாவையே எடுத்துக்கொள்வோம். உந்தம் 21. யானையின் நிறை 4,000 கிலோகிராம். 21-ஐ 4,000-ஆல் வகுத்தால் வினாடிக்கு 0.005 மீட்டர், அதாவது அரை சென்டிமீட்டர். யானை நகர்வது அவ்வளவுதான். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதே உந்தம் சுட்டவரின் தோளையும் உதைக்கிறது. விலங்கைத் தூக்கியெறியும் துப்பாக்கி இருந்தால், அது சுட்டவரை அதற்கு முன்பே தூக்கியெறிந்திருக்கும்.

அப்படியானால் குண்டு கொல்வது எப்படி? உள்ளே ஆழமாகச் சென்று இதயம், நுரையீரல், மூளை போன்ற உறுப்புகளைச் சிதைப்பதால்தான். தடித்த தோலும் எலும்பும் உடைய விலங்குக்கு நீளமான, கனமான, உருக்குலையாத குண்டு வேண்டும். ஒரே நிறையுள்ள குண்டுகளில் குறுக்குப் பரப்பு குறைந்தது ஆழமாகச் செல்லும். கோணி ஊசி சாக்கைத் துளைக்கிறது. அதே விசையுடன் அழுத்தினாலும் கட்டைவிரல் துளைப்பதில்லை அல்லவா? ஆப்பிரிக்காவில் டபிள்யூ.டி.எம். பெல் என்பவர் 1,000-க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார். அவற்றில் பெரும்பாலானவற்றை அந்தச் சிறிய 7 மி.மீ. துப்பாக்கியால்தான் வீழ்த்தினார். யானையின் மூளை மண்டைக்குள் எங்கே இருக்கிறது என்பதை அறுத்துப் பார்த்துக் கற்றிருந்தார். காலிபரைவிட உடற்கூற்று அறிவே முக்கியம் என்பதற்கு இது சான்று. ஆனால் இந்த எண்ணிக்கை, காடுகள் ஏன் வெறுமையாயின என்பதற்கும் சான்றாகும்.

நம் நாட்டில் இந்தக் கதை முடிந்துவிட்டது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் செய்யப்பட்ட திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லாமல் செய்துவிட்டன. யானை, புலி போன்ற விலங்கு மனித உயிருக்கு ஆபத்தானாலும், அதைப் பிடிக்கவோ மயக்கவோ வேறிடம் மாற்றவோ முடியாது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் தெளிந்த பின்னரே கொல்ல அனுமதிக்கலாம். ஆகவே முதலில் எடுக்க வேண்டிய துப்பாக்கி எது என்பதைச் சட்டமே தேர்ந்தெடுத்துவிட்டது.

பறக்கும் ஊசி

மயக்க மருந்துத் துப்பாக்கியை 1950-களில் உருவாக்கியவர்களுள் நியூசிலாந்தின் காலின் மர்டாக் குறிப்பிடத்தக்கவர். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் மருந்தூசியை வடிவமைத்தவரும் இவரே. மருத்துவரின் கையிலுள்ள ஊசிக்கும் இந்தத் துப்பாக்கியின் தோட்டாவுக்கும் உறவு உண்டு என்பதில் வியப்பில்லை.

இதில் வெடிமருந்துக்குப் பதிலாக, அழுத்தப்பட்ட கார்பன் டை ஆக்சைடு அல்லது காற்று ஊசியைத் தள்ளுவது பெருவழக்கு. குழலின் காலிபர் பொதுவாக 11 அல்லது 13 மி.மீ. யானைத் துப்பாக்கியான 0.470-இன் அளவுக்கு இது ஏறத்தாழச் சமம்! ஏனெனில் உள்ளே செல்ல வேண்டியது ஈயக் கட்டி அன்று, மருந்துப் புட்டி. காலிபர் கூடினால் கூடுதல் மருந்து கொள்ளும்.

ஊசியின் அமைப்பு எளிமையானது. ஒரு சிறு குழாய் இரு அறைகளாகப் பிரிந்திருக்கும். முன்னறையில் மருந்து, பின்னறையில் அழுத்தப்பட்ட காற்று, நடுவில் நகரும் அடைப்பான். ஊசியின் நுனி அடைபட்டிருக்கும்; துளை பக்கவாட்டில் இருக்கும். அதை ஒரு சிறு ரப்பர் போன்ற உறை மூடியிருக்கும். ஊசி தோலில் நுழையும்போது உறை பின்னே தள்ளப்படுகிறது. துளை திறக்கிறது. காற்று அடைப்பானைத் தள்ள, மருந்து தசைக்குள் பாய்கிறது. பின்முனையிலுள்ள குஞ்சம் காற்றில் இழுபட்டு, ஊசி எப்போதும் முகத்தை முன்னே வைத்துப் பறக்கச் செய்கிறது. சுழற்சி செய்யும் வேலையை இங்கே வால் செய்கிறது.

15 கிராம் நிறையுள்ள ஊசி வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதன் ஆற்றல் 27 ஜூல். மணிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றலும் அதுவே. கார்பெட்டின் குண்டுக்கு இருந்ததில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. குண்டு உடலைச் சிதைக்க வேண்டும். ஊசியோ சிதைக்கவே கூடாது. வேகத்தை இருமடங்காக்கினால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை மறவாதீர்கள். அருகில் நிற்கும் விலங்கை, தொலைவுக்கு வைத்த அழுத்தத்துடன் சுட்டால் ஊசி தசையைக் கிழிக்கும், எலும்பை முறிக்கும். தொலைவில் நிற்பதைக் குறைந்த அழுத்தத்தில் சுட்டால் ஊசி தோலில் பட்டுத் தெறித்து விழும். அதனால்தான் துப்பாக்கியில் ஓர் அழுத்தமானி உண்டு. தொலைவுக்கு ஏற்ப அழுத்தத்தைத் திருகி வைத்த பின்னரே சுடுவார்கள்.

அரை வினாடியின் விலை

மேசை விளிம்பில் இரண்டு நாணயங்களை வையுங்கள். ஒன்றை விரலால் சுண்டி எறியுங்கள். அதே கணத்தில் மற்றொன்றை நேரே கீழே விழச் செய்யுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும் ஒலி கேட்கும். கிடையாக எவ்வளவு வேகமாகச் சென்றாலும் புவியீர்ப்பு எல்லாவற்றையும் ஒரே அளவில்தான் கீழே இழுக்கிறது. குண்டுக்கும் ஊசிக்கும் இதுவே விதி.

யானை 30 மீட்டர் தொலைவில் நிற்கிறது. கார்பெட்டின் 0.275 குண்டு அத்தொலைவை 0.037 வினாடியில் கடக்கும். அதற்குள் அது விழுவது 7 மில்லிமீட்டர் கூட இல்லை. நம் ஊசிக்கு அரை வினாடி ஆகிறது. அதற்குள் அது 1.2 மீட்டர் விழுந்துவிடும்! மேலே ஏற்றிக் குறி வைக்காவிட்டால் யானையின் தொடைக்கு வைத்த குறி மண்ணைத்தான் தைக்கும்.

தொலைவைத் தவறாக மதிப்பிட்டால் என்ன ஆகும்? 36 மீட்டரில் நிற்கும் யானையை 30 மீட்டர் என்று நினைத்துச் சுட்டதாகக் கொள்வோம். குண்டு 3 மில்லிமீட்டர் தாழ்ந்து படும். ஊசியோ அரை மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிடும். காற்றின் தடையையும் சேர்த்தால் இன்னும் கூடும். மேலும், யானை வினாடிக்கு ஒன்றரை மீட்டர் நடந்தால், அந்த அரை வினாடியில் முக்கால் மீட்டர் நகர்ந்திருக்கும். ஆகவே மயக்க ஊசி செலுத்துபவர் விலங்கு அசையாமல் நிற்கும் கணத்துக்காகக் காத்திருக்கிறார். சில வேளை ஒரு மணி நேரம், சில வேளை ஒரு நாள்.

எந்தத் தொலைநோக்கி?

துப்பாக்கியின் மேலுள்ள தொலைநோக்கி, 1611-ஆம் ஆண்டில் கெப்ளர் விளக்கிய தொலைநோக்கியின் பேரப்பிள்ளை. முன்னேயுள்ள பொருளருகு குவிலென்சு தலைகீழ்ப் பிம்பத்தை உண்டாக்குகிறது. நடுவிலுள்ள லென்சுகள் அதை நேராக்குகின்றன. கண்ணருகு லென்சு அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. பிம்பம் விழும் அதே தளத்தில் சிலுவை போன்ற குறுக்கு இழைகள் வைக்கப்பட்டிருப்பதால், விலங்கும் இழையும் ஒருசேரத் தெளிவாகத் தெரிகின்றன.

உருப்பெருக்கம் கூடினால் நல்லது என்று தோன்றும். மூன்று காரணங்களால் அது தவறு. முதலாவது, உருப்பெருக்கம் கூடக் கூடக் காணும் பரப்பு சுருங்கும். 30 மீட்டரில் நிற்கும் யானையைப் பத்து மடங்கு பெருக்கினால் சாம்பல் நிறச் சுவர் ஒன்றுதான் தெரியும்; அது தொடையா விலாவா என்று சொல்ல முடியாது. இரண்டாவது, கையின் நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும்.

மூன்றாவது, வெளிச்சம். பொருளருகு லென்சின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 32 மி.மீ. லென்சும் 4 மடங்கு பெருக்கமும் இருந்தால் 8 மி.மீ. மங்கிய ஒளியில் இளைஞர் ஒருவரின் கண்மணி சுமார் 7 மி.மீ. விரியும். எனவே கண் கொள்ளுமளவு ஒளி கிடைக்கிறது. அதே லென்சில் 10 மடங்கு பெருக்கினால் 3.2 மி.மீ. தான். யானையும் புலியும் நடமாடும் அந்தி நேரத்தில் படம் இருண்டுவிடும். ஆகவே குறைந்த பெருக்கமே ஏற்றது. பெரிய தோட்டாவாக இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: உதைக்கும் துப்பாக்கியின் தொலைநோக்கி புருவத்தில் இடிக்காமலிருக்க, கண்ணுக்கும் லென்சுக்கும் இடையே 8, 10 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். கார்பெட்டும் ஆண்டர்சனும் இந்தத் தொல்லைகள் எதுவுமின்றித் திறந்த குறிமுனையையும், இரவில் துப்பாக்கியில் பொருத்திய டார்ச் விளக்கையுமே நம்பினார்கள்.

மயக்க ஊசிக்குத் தொலைநோக்கியைவிட முக்கியமானது தொலைவுமானி. லேசர் ஒளித்துடிப்பு ஒன்று விலங்கின் மேல் பட்டுத் திரும்பும் நேரத்தை அது அளக்கிறது. 30 மீட்டர் போய்வர ஒளிக்கு ஆகும் நேரம் ஒரு வினாடியின் 50 இலட்சத்தில் ஒரு பங்கு. அந்த நுண்ணிய நேரத்தை அளந்துதான் அரை மீட்டர் பிழையைத் தவிர்க்கிறார்கள்.

சுட்ட பின்னர்தான் வேலை

குண்டுக்கு அளவு காலிபர். ஊசிக்கு அளவு மருந்து. யானைக்கு நம் நாட்டில் சைலசின், கெட்டமின் போன்ற மருந்துகள் பயன்படுகின்றன. எட்டார்பின் என்று ஒன்று உண்டு. அது மார்பினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியமானது. அதன் ஒரு துளி தவறி மனிதரின் காயத்தில் பட்டாலும் உயிருக்கு ஆபத்து. ஆகவே மாற்று மருந்தைக் கையருகில் வைத்துக்கொண்டே அதைக் கையாள்வார்கள்.

மருந்து எடைக்கு ஏற்ப அமைய வேண்டும். காட்டு யானையை எந்தத் தராசில் நிறுத்துவது? இங்கே ஒரு பழைய கணக்கு உதவுகிறது. யானையின் முன்னங்கால் தடத்தின் சுற்றளவை நூலால் அளந்து இருமடங்காக்கினால், ஏறத்தாழ அதன் தோள் உயரம் கிடைக்கும். தடத்தின் சுற்றளவு 1.3 மீட்டர் என்றால் யானையின் உயரம் 2.6 மீட்டர். உயரத்திலிருந்து எடையை மதிப்பிடுகிறார்கள். யானையைக் கண்ணால் பார்க்கும் முன்பே மருந்தின் அளவைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்.

ஊசி பட்டவுடன் விலங்கு விழுந்துவிடாது. மருந்து தசையிலிருந்து இரத்தத்தில் கலந்து மூளையை எட்டப் பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் அது ஆற்றிலோ பள்ளத்திலோ இறங்கிவிடலாம். யானை மார்பு அழுந்தப் படுத்துவிட்டால் தன் எடையே மூச்சை அடைத்துவிடும். எனவே நின்றபடியே மயங்கும் அளவில் மருந்து தர முயல்கிறார்கள். உடல் சூடேறாதபடி தண்ணீர் ஊற்றுகிறார்கள். மூச்சையும் நாடியையும் எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். துப்பாக்கி பிடித்தவரின் வேலை அரை வினாடியில் முடிந்துவிடும். மருத்துவரின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. புலிக்கும் இதே முறைதான். 2021-ஆம் ஆண்டு மசினகுடிப் பகுதியில் ஆட்களைக் கொன்றதாகக் கருதப்பட்ட டி-23 புலியை மூன்று வாரங்கள் தேடி, அக்டோபர் 15-ஆம் நாள் மயக்க ஊசி செலுத்தி உயிருடன் பிடித்தார்கள்.

நீலகிரி, கேரள எல்லையில் பல மனித உயிர்களைப் பலிகொண்ட ஒரு மக்னா யானை (தந்தமில்லாத ஆண் யானை) 1998-ஆம் ஆண்டில் பிடிபட்டது. அதைப் பிடித்தவர் தமிழக வனத்துறையின் புகழ்பெற்ற யானை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி. கொல்லப்படவிருந்த அந்த யானை முதுமலை தெப்பக்காடு முகாமில் பாகன் சொல் கேட்டு வாழ்ந்தது. மருத்துவரின் நினைவாக அதற்கு ‘மூர்த்தி’ என்று பெயரிட்டார்கள். 2024-ஆம் ஆண்டில் இறக்கும் வரை, கால் நூற்றாண்டுக்கும் மேலாக அது அங்கே இருந்தது. குழலில் ஈயத்தை இடுவதா, மருந்தை இடுவதா என்று ஒருநாள் எடுத்த முடிவின் விளைவு அது.

கணக்கிட்டுப் பாருங்கள்

ஓர் ஊசி வினாடிக்கு 75 மீட்டர் வேகத்தில் கிடையாகச் செல்கிறது. 45 மீட்டர் தொலைவில் ஒரு காட்டெருமை நிற்கிறது. காற்றுத் தடையை விட்டுவிட்டால், ஊசி எவ்வளவு தாழ்ந்து போய்ச் சேரும்? ஈர்ப்பு முடுக்கம் 9.8 என்று கொள்க.

(விடை: நேரம் 0.6 வினாடி, தாழ்வு 1.76 மீட்டர்.)